புலிக்குத்தியிடம் பூ கேட்ட ஞாயிற்றுக்கிழமை

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அண்ணனை நான் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் எங்கள் காட்டு நிலத்தில், ஊர்ப்பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியைப் போட்டுக்கொண்டு, அண்ணியோடு அங்கேயே இருக்கிறார். நான் சேலத்தில் பள்ளிக்கூட வாத்தியார், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன மாசிக்கு அப்புறம் அண்ணன் வாய்க்கால் மேட்டில் ஏறினாலே நடுவில் நின்றுவிட ஆரம்பித்தார். நின்று, ஏதோ பயிரைப் பார்க்கிற மாதிரி பாசாங்கு செய்வார். நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தேன். இதயக் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லி டாக்டர் ஒரு புதன்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்.

அண்ணன் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்: "புலிக்குத்திகிட்ட ஒரு வாக்குக் கேட்டுப்போட்டு வாரேன்டா. அது போன்னு சொன்னாப் போலாம்."

புலிக்குத்தி எங்கள் காட்டில் நின்ற ஒரு கல். என் இடுப்பு உயரம் இருக்கும். ஒருவன் புலியின் வயிற்றில் ஈட்டியைப் பாய்ச்சுகிற மாதிரி செதுக்கியிருக்கும். மாட்டுப்பொங்கலுக்குப் பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, நல்லது கெட்டதுக்கெல்லாம் எங்கள் வீட்டார் அதனிடம்தான் பூ கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை இன்னொரு இலையிலும் வைத்துப் பொட்டலமாகக் கட்டிக் கல்லின் முன்னால் வைத்துவிட்டு, எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஒருவரை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் சரி என்று அர்த்தம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடுவார்கள். ஏன் பிரிக்கக் கூடாது என்று சின்ன வயதில் நான் கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கல் இப்போது எங்கள் காட்டில் இல்லை. நாமக்கல் போகிற வழியில் ஒரு ஊரில், பழைய கல்மண்டபம் ஒன்றை அரசாங்கம் மியூசியமாக்கியிருக்கிறது. அதற்குள்தான் நிற்கிறது. அங்கே அது போனது என்னால். எப்படிப் போனது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை வரை எனக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

எனக்குச் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு வீடு வேண்டியிருந்தது. ஊரில் என் பங்கு நிலத்தை மனை போடுகிறவர்கள் கேட்டார்கள். ஆனால் நட்ட நடுவில் மஞ்சள் பூசிய கல் ஒன்று நிற்க, மனை யார் வாங்குவார்? அந்தச் சமயத்தில் கல்வெட்டுப் பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து, பல நூறு வருஷத்துக் கல் இது, மியூசியத்துக்குக் கொடுங்களேன், பத்திரமாக இருக்கும் என்றார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அது வாரேன்னு சொல்லட்டும், அனுப்பலாம்" என்றார். பூக் கட்டுகிற வேலை எனக்கு வந்தது. நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, இரண்டு இலையிலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன். செவ்வரளியைக் கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்போது நாலு வயதான என் மகள் ஒரு பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை. அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் இன்னொரு பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன். அதற்காக அன்றைக்கு வருத்தப்பட்டேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாகத்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணி வெள்ளிக்கிழமைதான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். சாமிக்கு உகந்த நாளாம். விசாரித்தால் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. "சாமி இருக்கற எடத்துக்கு வெள்ளிக்கெழமை பூட்டுப் போடுவாங்களாக்கும்" என்று அண்ணி யாரையோ திட்டிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதித்தார். புதனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

காரில் போகும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். போன தடவை மாதிரியே இரண்டிலும் வெள்ளை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நிலத்துக்குச் செய்தவன் அண்ணன் உயிருக்குச் செய்ய மாட்டேனா? பின்சீட்டில் அண்ணி மடியில் மஞ்சப்பையை வைத்துக்கொண்டு வந்தார். அரளி வாசம் கார் முழுக்க அடித்தது. அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மண்டபத்துக்கு ஏழு படி. அதை ஏற அண்ணனுக்கு வெகு நேரம் ஆனது. நாலாவது படியில் நின்று, தூணில் செதுக்கியிருந்த யாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். உள்ளே வரிசையாகக் கல்தூண்கள், விதானத்தில் ஒன்றை ஒன்று துரத்துகிற மீன்கள், அந்த மீன்களுக்கு நடுவே குழாய் பதித்து இழுத்த ஒயரும் டியூப் லைட்டும். வாசலில் ஒரு மேஜை. அங்கே டிக்கெட் கொடுப்பதும் பெருக்கித் துடைப்பதும் பூட்டித் திறப்பதும் எல்லாமே ஒரே அம்மாதான். கண்ணாடிப் பெட்டிகளில் செப்புக் காசுகள், ஓலைச்சுவடி, துருப்பிடித்த வாள். ஓரத்தில் வாய் உடைந்த முதுமக்கள் தாழி இரண்டு. எங்களைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

புலிக்குத்தி ஒரு மூலையில் சிமெண்ட் மேடையில் நின்றது. மஞ்சளையும் எண்ணெயையும் சுரண்டிக் கழுவிவிட்டிருந்தார்கள். புலிக்கு இவ்வளவு அழகாக நகம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்னால் ஒரு கயிறு, 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை. பக்கத்தில் பெயர்ப்பலகை: நடுகல், வீரன் புலியைக் குத்தும் காட்சி, வழங்கியவர் என்று போட்டு என் பெயர். அதை வைத்தபோது அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவன் நான்.

அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கெழக்க பாத்து நின்னதைக் கொண்டாந்து செவுத்தப் பாத்து நிறுத்தியிருக்காங்களேடா" என்றார். எதிர்ச் சுவரில் சிவப்பாகத் தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி அந்த அம்மாவிடம் போய் விஷயத்தைச் சொல்லி, முறுக்குப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தார். அவர் முதலில் தயங்கினார்.

"கற்பூரம் பத்த வைக்கக் கூடாதுங்க, தண்ணி ஊத்தக் கூடாதுங்க. ஆபீசர் வந்தா என்னையத்தானுங்க கேப்பாரு."

"ஒண்ணும் வேண்டாங்க. ரெண்டு பொட்டலம் வெப்போம். நீங்க ஒண்ணை எடுத்துக் குடுத்தாப் போதும். எங்க ஊட்டுக்காரரு உசுரு சமாச்சாரமுங்க."

"எடுத்துத் தாரனுங்க. அதுக்கென்ன" என்றார் அந்த அம்மா, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே.

அண்ணி பையை என்னிடம் நீட்டினார். "நீங்களே கட்டுங்க தம்பி. போன தடவை நீங்க கட்டித்தான் நல்ல வாக்கா வந்துது."

நான் பையை வாங்கிக்கொண்டு கடைசித் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வாழையிலையை இரண்டாகக் கிழித்தேன். ஒன்றில் வெள்ளை அரளியை வைத்துக் கட்டினேன். இரண்டாவதற்கும் வெள்ளையை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

சாமிக்குப் பயந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். நான் பயந்தது வேறு. இரண்டிலும் வெள்ளை வைத்து, அண்ணன் நம்பிப் போய்ப் படுத்து, ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டால்? டாக்டரே நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லை. அப்புறம் அண்ணி முகத்தில் நான் எப்படி முழிப்பேன்? நான்தான் அனுப்பினேன் என்று ஆகிவிடுமே. யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே. உள்ளது உள்ளபடி கட்டிவிட்டால் எது வந்தாலும் என் தலையில் விழாது. பாதிக்குப் பாதி வெள்ளை வர வாய்ப்பிருக்கிறது, நிகழ்தகவு பாடம் எடுக்கிறவன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளையைப் பைக்குள் போட்டுவிட்டுச் செவ்வரளியை எடுத்து வைத்துக் கட்டினேன். அதுவரை எந்த வேலையையும் நான் அவ்வளவு யோக்கியமாகச் செய்ததில்லை.

பொட்டலங்களைக் கயிற்றுக்கு அடியில் கையை விட்டு மேடைமேல் வைத்தேன். அண்ணன் கண்ணை மூடிக் கும்பிட்டார். உதடு மட்டும் அசைந்தது. அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலது பக்கத்துப் பொட்டலத்தை எடுத்து அண்ணி கையில் கொடுத்தார். வலது பக்கத்தில் எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேண்டாங்க, இன்னொன்றை எடுங்க என்று சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை.

அண்ணி பிரித்தார். சிவப்பு.

"அய்யோ சாமி" என்று அந்த அம்மாதான் முதலில் சொன்னார். அண்ணி இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கண்ணைத் திறந்து பூவைப் பார்த்தார். அப்புறம் கல்லை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரி. போலாம் வாங்க" என்றார், சந்தையில் மாடு பேரம் படியாதவர் மாதிரி. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"அண்ணா, இதெல்லாம் நம்பாதீங்க" என்றேன். என் குரல் மண்டபத்துக்குள் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "போன தடவை நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையத்தானுங்க வெச்சேன். கல்லு ஒண்ணும் சொல்லலைங்க. நான் கட்டுனதுதான் வந்துது. இதுவும் அப்படித்தானுங்க. வெறும் பூவுங்க அண்ணா, புதன்கெழமை போலாமுங்க."

சொன்னால் அவருக்கு நம்பிக்கை விட்டுப்போகும், ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார் என்பது என் கணக்கு. வாத்தியார் கணக்கு. அண்ணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அதுவரை அப்படி ஒரு பார்வையை அவர் என்மேல் போட்டதே இல்லை. "அப்ப அது வரமாட்டேன்னு நின்னதை இழுத்துக்கிட்டு வந்து இங்க கட்டிப் போட்டுருக்கீங்களா?" என்றார். "அதான் இன்னிக்குச் செவப்பு."

அண்ணன் அண்ணியை அடக்கினார். அந்த அம்மா எதுவும் காதில் விழாதவர் மாதிரி மேஜைக்குப் போய்விட்டார். பிரிக்காத பொட்டலம் மேடைமேலேயே இருந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நான் பின்னால் வந்தேன். ஏழு படியையும் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். கோபத்தில் கையை உதறியிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வழியில் காரை நிறுத்தச் சொல்லி அண்ணி கிணறு ஒன்றைத் தேடிப் பொட்டலத்தோடு போனார். நானும் அண்ணனும் காரிலேயே இருந்தோம். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிச்சுக்குங்க அண்ணா என்றேன். அந்தக் கல் விஷயத்தை விட்டுத் தள்ளுடா என்கிற மாதிரி கையை ஆட்டினார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார்.

"இன்னிக்கும் அப்படியே கட்டியிருக்கலாமேடா?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "வெள்ள வரோணும்னுதான்டா அத்தனை நேரம் கும்புட்டேன்" என்றார். "எனக்கு மட்டும் சாவோணும்னு ஆசையா?"

இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைங்க அண்ணா, நேராக ஆஸ்பத்திரிக்கே வண்டியை விடுகிறேன் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். வாக்குக் கேட்டாகிவிட்டது, கேட்டுவிட்டு மீறுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அண்ணி வெறுங்கையோடு திரும்பி வந்து கதவைச் சாத்தினார். வண்டியை எடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை போய்விட்டது. அதற்கப்புறம் டாக்டர் கொடுத்த இன்னொரு தேதியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள் ஸ்கூல் விட்டதும் ஊருக்குப் போய் அவரிடம் பேசிப் பார்க்கிறேன். அண்ணி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். அண்ணன் நன்றாகத்தான் பேசுகிறார், மாத்திரை போடுகிறார், மேட்டில் ஏறும்போது நின்று பயிரைப் பார்க்கிறார். அன்றைக்குக் காரில் கேட்டதை அவர் மறுபடியும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு என்னிடம் உண்மை ஒன்றுதான் இருக்கிறது: உங்கள் உயிரைவிட என்மேல் பழி வரக் கூடாது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் பட்டது அண்ணா.