மழைக்கு ஜெபித்த மதகுக்காரன்

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் அந்த நூற்பாலைக்கு உயிரே ஆற்றுத் தண்ணீர்தான். தண்ணீர் பாய்ந்து சக்கரம் சுற்றினால்தான் மாடியில் பொறிகள் ஓடும். மதகு ஜேபஸின் கையில் இருந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆலைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று ஊர் நேரம் காட்டும். மற்றதை அந்தச் சக்கரமே ஓட்டும். சக்கரம் தளர்ந்தால் அதுவும் பின்தங்கும். ஆனால் அது மாலை ஏழு காட்டினால்தான் ஆட்களை வீட்டுக்கு விடுவார்கள். முதலாளிகளுக்கு மூளை எப்படியெல்லாம் வேலை செய்கிறது பாருங்கள்!

அந்த இலையுதிர் காலத்தில் மழை குறைவு. தினமும் ஆட்கள் வீடு திரும்ப வெகுநேரம் ஆனது.

"உன் சக்கரம் என்ன மாசமா இருக்கா? இந்த அசை அசையுது" என்று பொறி ஓட்டும் தாமார் கேலி செய்தாள். ஜேபஸின் மனைவி கெசையாவும் அங்கேதான் நூற்றாள். வீடு வந்ததும் வீங்கிய காலை நீட்டி, "நின்னு நின்னு கட்டையாப் போச்சுங்க" என்பாள். அவள் தட்டில் அவன் வறுத்த விலாங்கு மீனை வைப்பான்.

ஒரு சனிக்கிழமை, விலாங்குக்காக மதகு வாயில் தான் வைத்திருந்த பறிக்கூடையைத் தூக்கினான். பறி நிறைய இலையும் குப்பையும் அடைத்துக் கிடந்தன. தூக்கியதும் தண்ணீர் பீறிட்டது. இத்தனை நாளும் சக்கரத்தைத் தளர்த்தியது மழைக் குறைவு இல்லை, தன் பறிதான் என்று அவனுக்குப் புரிந்தது. பறியை உடைத்து ஆற்றில் எறிந்தான்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் மழைக்காக வேண்டினார்கள். போதகர் அவனைப் பார்த்து, "நீங்கதான் தண்ணியோடவே கெடக்கறவரு. நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றார். பறி விஷயத்தைச் சொல்லிவிடத்தான் எழுந்தான். எதிரே கெசையா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மழை கேட்டே ஜெபித்தான், பாவி.

திங்களன்று ஒரு தூறல்கூட இல்லை. சக்கரமோ பிய்த்துக்கொண்டு ஓடியது. இரண்டு கடிகாரமும் ஒன்றாக ஏழு காட்டின.

"மேல மலையில பெஞ்சிருக்கும். எங்க வீட்டுக்காரரு கேட்டா ஆண்டவரு குடுத்துருவாரு" என்று கெசையா எல்லோரிடமும் சொன்னாள். அவள் கால் வீக்கம் கடைசிவரை வடியவில்லை.

அதற்குப் பிறகு மழை பொய்த்த ஒவ்வொரு வருடமும் ஜேபஸைத்தான் முன்னால் கூப்பிட்டார்கள். அவன் யார் முகத்தையும் பாராமல் தலையைக் குனிந்தபடியே போவான். எவ்வளவு பணிவான மனுஷன் என்று ஊரே சொன்னது.