மோடத்தைக் கேட்ட ஃபயர்வால்

நீங்கள் பொய் சொன்னீர்கள். ஊழியர் கூட்டத்தில், நர்சுகள் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் உட்கார்ந்திருக்க, "இந்தப் பொண்ணு நெட்ட ஒழுங்கா செட் பண்ணல, போதாக்குறைக்குக் கண்ணாடிய வேற ஒடைச்சிருக்கு" என்று என்னைக் கைகாட்டிச் சொன்னீர்கள்.

காரைக்காலில் ஒரு தனியார் மருத்துவமனை. நீங்கள் அதன் மேனேஜர். கணினி வேலை முழுக்கப் பார்ப்பது நான் ஒருத்தி. இணையத்துக்கு இரண்டு லைன் வைத்திருந்தோம். ஒன்று தெருக் கம்பங்களில் தொங்கி வரும் ஃபைபர். இன்னொன்று மொட்டை மாடி ஆண்டெனாவில் சிம் கார்டு போட்டு ஓடுவது. முதல் லைன் செத்தால் இரண்டாவதுக்கு மாற்றிவிடுவது ஃபயர்வால் பெட்டியின் வேலை. செத்துவிட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்? யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். பதில் வராவிட்டால் லைனை மாற்றும். ஊருக்கு வெளியே எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு முகவரியைக் கூப்பிடும்படி நான் வைத்திருந்தேன்.

காற்று அடித்தால் ஃபைபர் விட்டு விட்டு வரும். உடனே லைன் மாறும். மாறும்போதெல்லாம் இன்சூரன்ஸ் தளம் பில்லிங் ஆட்களை வெளியே தள்ளிவிடும். அவர்கள் உங்களிடம் கத்தினார்கள். நீங்கள் என்னிடம் கத்தினீர்கள்.

"கொஞ்ச நேரம் பொறுத்துப் பாத்துட்டு மாறுற மாதிரி வச்சுடுறேன் சார்."

"அதெல்லாம் வேணாம்மா. ஃபைபர் வந்து சேருற மோடம் நம்ம ரூம்லயே இருக்குல்ல, அதக் கேக்கச் சொல்லு. அது எப்பவும் பதில் சொல்லும்."

"வெளியில வயரே இல்லாட்டியும் சொல்லும் சார். வீட்டுக்குள்ள படுத்திருக்கவன்கிட்ட ரோடு எப்படி இருக்குன்னு கேக்குற மாதிரி ஆயிடும்."

"சொன்னதச் செய்யேன். எல்லாத்துக்கும் ஒரு வாய்."

செய்தேன். உங்கள் போனில், லைன் நிலையைக் காட்டும் ஆப்பில் பச்சை விளக்கு வந்தது. பிறகு அது போகவே இல்லை. நான் திரும்பவும் கை வைத்துவிடுவேனோ என்று ஃபயர்வாலின் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னீர்கள். என்னைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வைத்துவிட்டு நீங்களே டைப் செய்தீர்கள். ஃபயர்வாலும் மோடமும் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டீர்கள்.

எங்கள் ஊரில் தேர் வரும் நாளில், வீதிக்குக் குறுக்கே தொங்கும் வயர்களைக் கேபிள்காரர்கள் முன்கூட்டியே அறுத்துவிடுவார்கள். தேர் போனபின் ஒட்டுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்று காலையிலேயே உங்களிடம் வந்து நின்றேன்.

"சார், சாவியக் குடுத்துட்டுப் போங்க. இன்னிக்கு ஃபைபர் இருக்காது."

"அதுக்குத்தானே ரெண்டு லைன் வச்சிருக்கு? தானா மாறும்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடம் பிடிக்கப் போய்விட்டீர்கள்.

ஃபைபரை அறுத்ததும் நெட் போனது. லைன் மாறவில்லை. மோடம் உள்ளேயிருந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ஃபயர்வாலும் அதை நம்பிக்கொண்டே இருந்தது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், பூட்டிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். மோடத்திலிருந்து ஃபயர்வாலுக்குப் போகும் நீல வயர் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அதை உருவினால் போதும், மோடத்தின் பதில் நின்று லைன் மாறிவிடும். போனில் நெட் வைத்து ஒப்பேற்றலாம் என்றால், பில்லிங் கணினிகளில் போனை இணைக்கக்கூடாது என்று தடுத்து வைத்ததும் நீங்கள்தான். உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். மேளச் சத்தத்தில் எங்கே கேட்கும்? வந்து தேடலாம் என்றால் மருத்துவமனை வாசல் வரை ஜனம்.

கிளிஞ்சல்மேடு மீனவக் கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா அறை வாசலில் வந்து நின்றார். அவர் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ். இன்சூரன்ஸ் அனுமதி வந்தால்தான் வெளியே விடுவோம்.

"ஏம்மா, இன்னுமா வல்ல? கடலுக்குப் போன போட்டே கரைக்கு வந்துடும் போலருக்கே."

"உள்ள பூட்டியிருக்கும்மா. சாவி மேனேஜர்கிட்ட இருக்கு."

"அவரு எங்க?"

"தேர் இழுக்கப் போயிருக்காரு."

"நல்லா இழுத்தாரு போ, எம்புருசன இங்க அடைச்சு வச்சுட்டு." அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். "கண்ணாடிதானே? என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றி அடித்தேன். வயரை உருவினேன். கொஞ்ச நேரத்தில் பில்லிங் பக்கம் "வந்துருச்சு, வந்துருச்சு" என்று யாரோ கத்தினார்கள். அந்த அம்மா வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார். என்னால்தான் இங்கிருந்து போக முடியவில்லை.

கூட்டத்தில் நீங்கள் பேசிய பிறகு, என்னோடு தினமும் சாப்பிடும் நர்ஸே, "ஏன்டி, மொதல்லயே ஒழுங்கா செட் பண்ணிருக்கலாம்ல?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் தெரியாதவள் என்று பெயராகிவிட்டது. இந்தச் சின்ன ஊரில் அந்தப் பெயரோடு வேறு எங்கே போய் வேலை கேட்பது? அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். புதுக் கண்ணாடி, புதுப் பூட்டு. சாவி உங்களிடம்.

அடுத்த ஊழியர் கூட்டத்தில் எழுந்து கேட்கப் போகிறேன். மோடத்தைக் கேட்கச் சொன்னது யார்? நான் சாவி கேட்டபோது தராமல் போனது யார்? அதற்கு முன்னால் உங்கள் அறைக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் பேச வேண்டாம். அதே ஹாலில், அதே ஆட்கள் முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்.