யன்னலின் மற்றப் பக்கம்

பேராசிரியரின் சொந்தத் தாள்களையெல்லாம் ஒரு நூலகம் வாங்கிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறதாம். விரிவுரைக் குறிப்புகள், யுத்தகாலத்து நாட்குறிப்புகள், வரைபடங்கள் என்று பெட்டி பெட்டியாக இருக்கின்றனவாம். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டு புரட்டுகிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். புரட்டட்டும். அதற்குள் கறுப்பு மட்டைக் கொப்பி ஒன்று இருக்கும். அதன் நடுவில் ஒரு தாள் கிழிபட்டிருக்கும். எலி கடித்தது, பூச்சி அரித்தது என்று யாராவது குறிப்பு எழுதிவைக்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். கிழித்தவள் நான்.

அப்போது எனக்கு இருபது வயது கடந்திருந்தது. சண்டை முடிந்துவிட்டது, வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, அரிசிக்குக் கூப்பன் நின்றபாடில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுக்கமான வீட்டில் அப்பாவும் நானும் இருந்தோம். அம்மா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். ஒரே அண்ணன் பட்டாளத்துப் போக்குவரத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து எகிப்துப் பக்கம் போனவன், திரும்பி வரவில்லை. குண்டுபட்டுச் சாகவில்லை. நெருப்புக்காய்ச்சல் வந்து செத்தான்.

அவன் இருந்தவரை வீட்டுக்குக் கடிதம் வரும். எல்லாம் அப்பா பெயருக்குத்தான். கடதாசித் தட்டுப்பாட்டில் மெல்லிய தாளின் இரண்டு பக்கமும் பென்சிலால் நெருக்கி எழுதியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டு, கந்தோரில் மேலதிகாரிக்கு வாசிப்பதுபோல் உரக்க வாசிப்பார். இடத்தின் பெயரோ பட்டாளம் நகரும் திசையோ எழுதியிருந்தால், சென்சார் பார்க்கிற அதிகாரி சவர பிளேட்டால் அந்த வரிகளை வெட்டி எடுத்துவிடுவார். தாளில் நீள்சதுரமாக ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு அப்பா வைத்த பெயர் யன்னல். வாசித்துக்கொண்டு போகிறவர் அங்கே வந்ததும், "இதில யன்னல்" என்று சொல்லிவிட்டு அப்பால் போவார். தாளைத் திருப்பினால் அதே ஓட்டை மறுபடி வரும். "யன்னலின்ர மற்றப் பக்கம்" என்பார். எனக்கு அது பெரிய வேடிக்கை. ஓட்டைக்குள்ளால் அப்பாவின் மூக்கைப் பார்த்துச் சிரிப்பேன்.

அப்பா பதில் எழுதி முடித்ததும் அடியில் நான்கு வரி எனக்கு விடுவார். அது என்னுடைய இடம். கோவில் திருவிழா, பக்கத்து வீட்டுச் சண்டை, நாயின் குட்டி என்று வாயில் வந்ததை எழுதுவேன்.

நான் பரீட்சை நன்றாகப் பாஸ் பண்ணினேன். யூனிவர்சிட்டிக்குப் போக வேண்டும் என்று ஆசை. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைக்குப் படித்தது காணும் என்பது அவருடைய கட்சி. அண்ணன் கப்பல் ஏறுமுன் என்னிடம் சொல்லியிருந்தான், அந்த நேரம் வரும்போது அப்பாவிடம் தான் கதைப்பதாக. அவன் சொன்னால் அப்பா கொஞ்சமாவது அசைவார் என்பது என் கணக்கு. அதனால் அந்த முறை நான்கு வரியில் திருவிழாவும் நாய்க்குட்டியும் எழுதவில்லை. ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதி உறைக்குள் சொருகினேன். அப்பாவிடம் கேள், சொன்னபடி கேள் என்று எழுதினேன்.

பதில் வர இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அப்பா வாசித்தார். எல்லாரும் சுகம் என்று இருந்தது. ஒரு யன்னல் வந்தது. சாப்பாட்டில் ஆட்டிறைச்சி அலுத்துவிட்டது என்று இருந்தது. தாளைத் திருப்பினார். சித்தப்பாவுக்குச் சுகம் சொல்லச் சொல்லியிருந்தான். பிறகு, "இன்னொரு விஷயம் அப்பா" என்று வாசித்தார். உடனே யன்னலின் மற்றப் பக்கம். அதற்குப் பிறகு, "கோபிக்க வேண்டாம்." அவ்வளவுதான். கடைசி வரிவரை காத்திருந்தேன். என் படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த யன்னலுக்குள் என் விஷயம் இருக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பிறகு எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கிருந்த நியாயம் இது. சென்சார் வெட்டுவது ராணுவ ரகசியத்தை. என் படிப்பு என்ன ராணுவ ரகசியமா? அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். "எங்கேயோ ஆபத்தான இடத்துக்கு அனுப்பப் போறாங்கள்போல. அதுதான் கோபிக்க வேண்டாமெண்டு எழுதியிருக்கிறான்" என்றார். நான் அண்ணனை நினைத்துப் பொருமினேன். அவ்வளவு தூரம் போயும் அப்பாவுக்குப் பயந்த பயல் என்று மனதுக்குள் வைதேன். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான் எப்போதும். அப்பா அடுத்த கடிதம் எழுதி நான்கு வரி விட்டுத் தந்தபோது, எழுத ஒன்றும் இல்லை என்றேன். அதற்கடுத்த கடிதத்துக்கும் அதையே சொன்னேன். மூன்றாவது முறை அப்பா இடம் விடவே இல்லை.

அவனுடைய கடைசிக் கடிதத்தில், "தங்கச்சிக்குக் கையில் என்ன, சுளுக்கா?" என்று இருந்தது. அப்பா வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்து அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டேன். கொஞ்ச நாளில் தந்தி வந்தது.

சண்டை முடிந்து வந்த பேராசிரியர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். யூனிவர்சிட்டியில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர், சண்டைக்குப் போய் அண்ணனின் கம்பெனியில் கப்டனாக இருந்தவர். தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி அங்கே அவர் ஒருவர்தானாம். அண்ணனைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னார். அப்பா கண்ணைத் துடைத்தார். சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த கலண்டரைப் பார்த்துவிட்டு, "உம்மட கையெழுத்து அச்சுப்போல இருக்கு. என்ர தாளுகளை ஒழுங்குபடுத்தி, எழுதினதைப் பிரதி பண்ணித் தாறீரோ?" என்று கேட்டார். யூனிவர்சிட்டிக்குத்தான் போக முடியவில்லை, யூனிவர்சிட்டியின் பேராசிரியர் வீட்டுக்காவது போகலாமே என்று அப்பா முந்திக்கொண்டு தலையாட்டினார்.

கோட்டைவரை பஸ், அங்கிருந்து வெள்ளவத்தைக்கு ரயில். வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். அவருடைய மனைவி பத்து மணிக்குத் தேநீர் தருவார், நல்ல மனுசி. பேராசிரியர் தன் யுத்த அனுபவங்களைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். சில பகுதிகள் வாரப் பத்திரிகையில் வந்தன. நான் பிரதி பண்ணுவேன். ஒரு நாள் இப்படி ஒரு இடம் வந்தது. "இங்கே மணலுக்கு முடிவில்லை. வெள்ளவத்தை மணலில் பழகிய என் கால்களுக்கு இன்னும் சங்கதி தெரியாது. அடுத்த அடியில் கடல் வரும் என்று நடந்துகொண்டே இருக்கின்றன." எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அண்ணனும் அப்படித்தானே நடந்திருப்பான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் சொல்லிக்காட்டினேன். இப்படி எழுதுகிற மனுசன் அண்ணனுக்கு அதிகாரியாக இருந்தாரே என்று எனக்கு ஒரு ஆறுதல். அவரைக் கும்பிடாத குறைதான்.

ஆறாவது மாதமளவில் பெரிய இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்து ஒழுங்குபடுத்தச் சொல்லிவிட்டு விரிவுரைக்குப் போனார். கறுப்புக் கொப்பி அதற்குள்தான் இருந்தது. முதல் பக்கத்தில் "வசனங்கள்" என்று அவர் கையெழுத்து. உள்ளே தாள் தாளாக வெட்டுத் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையெழுத்து. பிளேட்டால் சுத்தமாக வெட்டியவை. எத்தனை வீட்டு யன்னல்கள் என்று நான் எண்ணவில்லை. நடுவில் ஒரு பக்கத்தில் அண்ணனின் பென்சில் எழுத்து இருந்தது.

"இங்கே மணலுக்கு முடிவில்லை அப்பா. முகத்துவாரத்து மணலில் பழகிய என் கால்களுக்கு இன்னும் சங்கதி தெரியாது." மிச்சத்தை நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை, எனக்குப் பாடம். எங்கள் வீட்டுப் பக்கத்து முகத்துவாரக் கடற்கரையைத் தன் வெள்ளவத்தை ஆக்கியதும் அப்பாவைத் தூக்கியதும்தான் பேராசிரியரின் வேலை.

அவர் வரும்வரை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். வந்தார். பார்த்தார். மறைக்கவோ தடுமாறவோ இல்லை.

"ஓம், உம்மட அண்ணன்ரதான். நல்ல வசனம்."

"இதில ராணுவ ரகசியம் ஒண்டும் இல்லையே, சேர்."

"இல்லை. அந்தக் கடிதங்கள் கப்பலோட தாழும், தபாலில துலையும். போய்ச் சேர்ந்தாலும் ஆர் வைச்சிருக்கப் போறான்? பாணுக்குச் சுத்திப் போடுவாங்கள். நான் காப்பாத்தினனான்."

எங்கள் வீட்டில் அப்பா ஒவ்வொரு கடிதத்தையும் கந்தோர்ப் பைலில் நூல் கோர்த்து வைத்திருப்பதை அவருக்குச் சொல்லவில்லை. வேறு ஒன்றைத்தான் கேட்டேன்.

"இதின்ர மற்றப் பக்கத்தில என்ன எழுதியிருந்தவர்?"

"மற்றப் பக்கமோ?"

"ரெண்டு பக்கமும் வாசிச்சுத்தானே வெட்டியிருப்பீங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசிச்சிருப்பன். ஏதாவது வீட்டுச் சங்கதியா இருக்கும், பிள்ளை."

அந்தத் தாளைக் கொப்பியில் இருந்து கிழித்தேன். அவர் தடுக்கவில்லை, ஆனால் கொப்பியைப் பார்த்துத்தான் முகம் சுளித்தார். என்னைப் பார்த்து அல்ல. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினேன். அதன்பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை.

வீட்டில், பசை இளகட்டும் என்று அந்தத் தாளின் மேல் ஈரத் துணியைப் போட்டு அரை மணித்தியாலம் வைத்தேன். பென்சிலாக இருந்தது நல்லதாயிற்று, மையாக இருந்தால் கரைந்திருக்கும். துண்டு மெல்லக் கழன்று வந்தது. அப்பாவின் பைலை எடுத்து அந்தக் கடிதத்தைத் தேடி ஓட்டையில் வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் பொருந்தியது.

அப்பா கந்தோரால் வந்து முகம் கழுவியதும் அவரை உட்காரச் சொல்லி, அவர் வாசிப்பதுபோலவே உரக்க வாசித்தேன். முதல் பக்கத்தில் யன்னல் வந்தது. நான் தாண்டவில்லை. மணலைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்தார். பேராசிரியருடையது என்று நான் சொல்லிக்காட்டிய வசனம் உண்மையில் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தாளைத் திருப்பினேன்.

"இன்னொரு விஷயம் அப்பா, தங்கச்சியை யூனிவர்சிட்டிக்கு விடுங்கோ. எங்கள் இரண்டு பேரிலும் மூளை அவளுக்குத்தான் என்று உங்களுக்கும் தெரியும். கேட்கச் சொல்லி அவள் எழுதினாள். எழுதாவிட்டாலும் கேட்டிருப்பேன். கோபிக்க வேண்டாம்."

அப்பா கடிதத்தை வாங்கி, துண்டு விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"பொய் சொல்லேலாது பிள்ளை. அவன் கேட்டது எனக்குக் கிடைச்சிருந்தாலும் நான் உன்னை விட்டிருக்க மாட்டன்."

அவர் உண்மையைத்தான் சொன்னார். அந்த மனுசனிடம் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் அதுதான். அழுது முடித்த பிறகுதான் அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. என் படிப்பைப் பேராசிரியர் எடுக்கவில்லை. அதை அப்பா எடுத்தார், எப்படியும் எடுத்திருப்பார். பேராசிரியரின் பிளேட் எடுத்தது வேறு. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவனை, காப்பாற்றவில்லை என்று என்னை நம்பவைத்தது. அந்தக் காய்ச்சல் படுக்கையில், தங்கச்சி ஏன் எழுதவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டு கிடந்திருப்பான். போகிற கடிதம், வருகிற கடிதம் இரண்டும் பேராசிரியர் கையால்தான். என் துண்டுத் தாளையும் வாசித்து, அவன் பதிலையும் வாசித்து, என் நான்கு வரி வராமல் போனதையும் கடிதத்துக்குக் கடிதம் கண்ட ஒரே ஆள் அந்த அதிகாரிதான். நீ கேட்டதை நான் வெட்டிவிட்டேன் என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புத்தகம் பிறகு வந்தது. நல்ல பெயர் வாங்கியது. மணல் வசனத்தைப் பாராட்டாதவர் இல்லை. முன்பக்கத்தில், தன்னோடு சேவை செய்து மடிந்த பிள்ளைகளுக்கு என்று காணிக்கை போட்டிருந்தார். நானும் ஒரு பிரதி வாங்கினேன். அந்தப் பக்கத்தில் வெள்ளவத்தையைப் பென்சிலால் வெட்டி, முகத்துவாரம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நூலகத்துக்குக் கொடுக்கிற எண்ணம் இல்லை. துண்டை நான் ஒட்டவில்லை, இடத்தில் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். பைலின் கடைசித் தாள் அவனுடைய கடைசிக் கடிதம். அதில் யன்னல் இல்லை. என்ன கேட்டான் என்பது முழுசாக இருக்கிறது. கையில் சுளுக்கு ஒன்றும் இல்லை, அண்ணா. உன்னில் கோபமாக இருந்தேன்.