துணி அறையில் ஆள் இல்லை

என் அப்பாவுக்கு மூடிய கதவு ஆகாது. ஒஸ்லோவின் குரோருட்டில் இருக்கும் அப்பா அம்மா வீட்டில் படுக்கையறை, சமையலறை, குளியலறை என்று எல்லாக் கதவும் இரவு பகலாகத் திறந்தே கிடக்கும். மீன் பொரித்தால் அலுமாரிக்குள் இருக்கும் சேலை வரை மணக்கும். எனக்குப் பதினாறு வயதானபோது என் அறைக் கதவையும் அவர் மூட விடவில்லை. சிநேகிதியோடு தொலைபேசியில் குசுகுசுத்தால்கூட வீடு முழுக்கக் கேட்கும். மற்றப் பிள்ளைகள் வீட்டில் அடைத்து வைக்கிறார்கள் என்று அழுதார்கள். நான் திறந்து வைக்கிறார்கள் என்று அழுதேன். இரண்டும் ஒரே மறியற்சாலைதான்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலிலும் இதே கதை. பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள் அவர் போக மாட்டார். சுவாமியார் எழுந்து வெளியே வந்து, மரவாங்கில் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். அப்பாவுக்கோ மெல்லப் பேச வராது. அதனால் அவருடைய பாவங்கள் முன்வரிசை ஆட்களுக்கெல்லாம் அத்துப்படி.

இதற்கு அவர் சொல்லும் காரணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒஸ்லோ நகர நடுவில் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை செய்தார். படுக்கை விரிப்பையும் துவாயையும் மடித்து அடுக்கும் வேலை. ஒருநாள் ஒரு ஜனாதிபதி அங்கே வந்து தங்கினார். எந்த நாட்டு ஜனாதிபதி என்று எழுத மாட்டேன். நாங்கள் விட்டு வந்த நாட்டவர் அல்ல என்று மட்டும் சொல்லலாம். அப்பா மேல்மாடித் துணி அறையில் நின்றபோது பாதுகாப்புக்காரர் வந்து கதவைப் பூட்டிவிட்டார்களாம். பின்னேரம் வரை அடைத்து வைத்தார்களாம்.

“தமிழன் எண்டபடியால்தான் அடைச்சவங்கள். வெள்ளையெண்டால் கதிரை போட்டுக் கோப்பியும் குடுத்திருப்பாங்கள்,” என்று கலியாண வீடு, செத்த வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் சொல்வார்.

அந்த மாதமே அந்த வேலையை விட்டுவிட்டார். பிறகு ஓய்வு பெறும் வரை தபால் பிரிக்கும் ஒரு பெரிய மண்டபத்தில் வேலை செய்தார். லிஃப்டில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, அவர் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்யும் வரை. அவர்கள் இருப்பது பழைய கட்டடம், நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. பனிக்காலம் தொடங்கியதிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை. யன்னலடியில் கதிரையைப் போட்டு, கீழே யார் காரை எவ்வளவு கோணலாக நிறுத்துகிறார்கள் என்று அம்மாவுக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். அவரைத் தனியே விட்டுப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆக இரண்டு பேரும் உள்ளே. நான் ஒஸ்லோவுக்கு வெளியே, லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறேன். என் பக்கத்துக் கட்டடத்தில் நல்ல வீடு ஒன்று விலைக்கு வந்தது. மூன்றாம் மாடி, கோயிலுக்குப் போக பஸ், எல்லாம் இருந்தது. லிஃப்டும் இருந்தது. அங்கேதான் பிடித்தது சனி.

“மாட்டன்,” என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் காலும் சரியில்லாத கால்.

“இஞ்சேருங்கோ, ஒரு பெட்டியுக்கை ஒரு நிமிசம் நிக்கேலாதோ?” என்று அம்மா கேட்டா. “நான் உங்களோடை இந்த வீட்டுக்கை இவ்வளவு வருசமா நிக்கேல்லையோ?”

அப்பா யன்னல் பக்கம் திரும்பி ஒரு காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

நான் ஓர் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறேன். யன்னல் இல்லாத நிலவறை. அங்கே பெட்டிகள் அடுக்கிய இரும்புத் தட்டுகள் தண்டவாளத்தில் ஓடும். ஒரு சக்கரத்தைச் சுற்றினால் ஒரு வரிசை திறக்கும், அடுத்த வரிசையின் வழி மூடிக்கொள்ளும். உள்ளே ஆள் நின்றால் நசுங்கிப்போவார். ஆகவே சுற்றுவதற்கு முன் “உள்ளே யாராவது இருக்கிறீர்களா?” என்று உரக்கக் கேட்க வேண்டும். இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த அன்று முதலில் பழக்கியது இதைத்தான். வெறும் நிலவறையில் தனியே நின்று கத்த முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது வீட்டில் குளிர்சாதனப் பெட்டியை மூடும்போதும் வாயில் வந்துவிடும்.

இந்த வசந்தத்தின் தொடக்கத்தில், பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடும் காலம் வந்த சில பெட்டிகளை என் மேசைக்கு அனுப்பினார்கள். கிளிப்பும் ஊசியும் கழற்றி, தாள்களை ஒழுங்காக்கி, படமெடுக்க அனுப்புவது என் வேலை. மூன்றாவது பெட்டியின் முதல் தாளில் ஜனாதிபதியின் பெயர் இருந்தது. அடுத்த தாளில் ஹோட்டலின் பெயர். அப்பாவின் நாள் என் மேசையில் கிடந்தது.

வீட்டுக்குப் போகும் நேரம் தாண்டியும் இருந்து வாசித்தேன். ஜனாதிபதியின் ஒருநாள் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. காலை உணவு அமைச்சர்களோடு. பிறகு ஹோட்டலின் மேல்மாடி அறையில் தூதுவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து அவரைச் சந்திக்கிறார்கள். யார் முதலில் கை கொடுப்பது, யார் எந்தக் கதிரையில் இருப்பது, மொழிபெயர்ப்பாளர் எந்தத் தோளுக்குப் பின்னால் நிற்பது, எல்லாம் எழுதியிருக்கிறது. தண்ணீரில் ஐஸ் போடக்கூடாது. முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை வேண்டும். பெட்டியில் இருந்த படங்களிலும் அதே கதிரை, அதே தலையணை, எதிரே மட்டும் ஆள் மாறிக்கொண்டிருக்கிறது. கடைசிப் படத்தில் பாவி மனுசன் தலையணையைக் கையால் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்குப் போக யார் கதவைத் திறப்பது என்றும் குறித்திருந்தார்கள். அந்த நாள் முழுக்க அவர் ஒரு கதவைக்கூடத் தானாகத் திறக்கவில்லை. வாசிக்க எனக்கே மூச்சு முட்டியது.

ஆனால் நான் தேடியது அவரை அல்ல. மாடியின் வரைபடம் ஒன்று பின்னால் இருந்தது. சந்திப்பு அறைக்கு அடுத்த சுவரில், நடைபாதையின் கடைசியில், துணி அறை. அதோடு பாதுகாப்புக்காரர் காலையில் மாடியைச் சோதித்த தாள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரி. துணி அறைக்கு நேரே இப்படி இருந்தது: குரல் கொடுத்துப் பார்க்கப்பட்டது. ஆள் இல்லை. ஊழியர் துவாய் எடுக்க வேண்டியிருப்பதால் பூட்டப்படவில்லை.

பூட்டப்படவில்லை. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அப்படியானால் என் அறைக் கதவு எதற்காகத் திறந்து கிடந்தது? அம்மா ஏன் இந்த வயதில் நாலாம் மாடியில் அடைபட்டுக் கிடக்கிறா? பிறகு பயம் வந்தது. இதைச் சொன்னால் அவர் லிஃப்டில் ஏறலாம். அல்லது ஊர் முழுக்கச் சொன்ன கதையை மகளே பொய்யென்று சொல்கிறாள் என்று ஒரேயடியாக உடைந்துபோகலாம். சொல்லாவிட்டால் அவர் அந்த யன்னலடியிலேயே இருப்பார். நல்லதாக ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கிழமை வாயை மூடிக்கொண்டு திரிந்தேன்.

யோசித்து, பக்குவமாகச் சொன்னேன் என்றால் அது பொய். ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டில் இருந்தபோது அடுத்தநாள் லில்லெஸ்ட்ரோமில் அந்த வீட்டைப் பார்க்க விடுகிறார்கள் என்று சொன்னேன். அப்பா உடனே பழைய பாட்டைத் தொடங்கினார். தமிழன் எண்டபடியால், கதிரை, கோப்பி. எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அப்பா, அந்தக் கதவு பூட்டியே இருக்கேல்லை.”

“ஆர் சொன்னது?”

“எழுதி வைச்சிருக்கிறாங்கள். அந்த நாள் பேப்பர் முழுக்க என்ரை கையாலை போனது. இனி அதை ஆரும் பாக்கலாம். ஹோட்டல் ஆக்கள் துவாய் எடுக்க வேணும் எண்டு பூட்டாமல் விட்டவங்கள்.”

சமையலறையில் அகப்பைச் சத்தம் நின்றது. கதவுகள் திறந்திருந்தால் ஒரு நன்மை, எதையும் இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. அம்மா வந்து வாசலில் நின்றா.

அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

“தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“பூட்டேல்லை எண்டு. மத்தியானம் ஒரு பெட்டை வந்து துவாய் எடுத்துக்கொண்டு போனவள். நான் கடைசித் தட்டுக்குப் பின்னாலை, விரிப்பு மூட்டையளுக்கை இருந்தனான். என்னைக் காணேல்லை. கதவைச் சாத்தாமல் நீக்கல் விட்டிட்டுப் போட்டாள். கோட்டுப் போட்ட ஆக்கள் வாறது போறது எல்லாம் அதுக்காலை தெரிஞ்சது.”

“பிறகேன் எழும்பி வரேல்லை?”

“ஏலாமல் கிடந்தது, பிள்ளை.”

அவர் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

“விடியக் கொஞ்சம் வெள்ளனப் போட்டன். அடுக்கிக்கொண்டு நிக்கச் சப்பாத்துச் சத்தம் கேட்டது. வோக்கிடோக்கிச் சத்தமும். தட்டுக்குப் பின்னாலை பூந்திட்டன். ஒருத்தன் கதவைத் திறந்து, ஆரும் இருக்கிறீங்களோ எண்டு கேட்டவன். ரெண்டு தரம் கேட்டவன். நல்ல மரியாதையாத்தான் கேட்டவன். ஆனால் ஊரிலை ஆமி சுத்திவளைச்சு ரவுண்டப் எண்டால், சத்தம் குடுத்தவனை எல்லே கொண்டு போனவங்கள்? நான் அடையாள அட்டையைக் கையிலை எடுத்துப் பிடிச்சுக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தன். இது நோர்வே எண்டு தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியேல்லை.”

அம்மா அகப்பையோடு அவருக்குப் பக்கத்தில் வந்து இருந்துவிட்டா.

“வீட்டை வந்து என்னெண்டு சொல்லுறது? திறந்து கிடந்த கதவுக்குப் பின்னாலை நாள் முழுக்க இருந்தனான் எண்டோ? இவளுக்கு அப்ப சின்ன வயசு. பூட்டிப்போட்டாங்கள் எண்டு சொன்னன். பிறகு அதையே சொல்லிக்கொண்டு இருந்திட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. திறந்திருந்த கதவு வழியே என் கோபங்களையெல்லாம் கேட்டுக்கொண்டு, இந்த மனிதர் இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “அந்தப் பேப்பரிலை என்னைப் பற்றி என்ன கிடக்கு?”

சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஆள் இல்லை எண்டு கிடக்கு.”

“ஆள் இல்லை எண்டோ?” அவர் கீழே கார்களைப் பார்த்தார். “அப்ப இன்னும் ஒருத்தரும் என்னைக் கண்டுபிடிக்கேல்லை.”

அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் மணம் வந்தது, அம்மா எழும்பவில்லை.

“நீதானே அங்கை வேலை செய்யிறாய். அதிலை, ஆள் இருந்தது எண்டு எழுதிவிடேலாதோ?”

“ஏலாது அப்பா. அந்தப் பெட்டியிலை ஒண்டு எடுக்கவும் கூடாது, ஒண்டு சேர்க்கவும் கூடாது.”

“பென்சிலாலை?”

“பென்சிலாலையும் ஏலாது.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, அதை மறைக்க நான் எங்கள் நிலவறையைப் பற்றிச் சொன்னேன். ஓடும் தட்டுகள், சக்கரம், சுற்றுமுன் கத்துவது. வழக்கமாக என் வேலையைப் பற்றிச் சொன்னால் அவர் பாதியில் செய்தி பார்க்கப் போய்விடுவார். அன்று கதிரையை என் பக்கம் திருப்பி வைத்துக் கேட்டார்.

“உள்ளுக்கை நிக்கிறவன் பதில் சொல்லாட்டி?”

“சொல்ல வேணும். சொல்லத்தான் வேணும்.”

“ம்,” என்றார்.

அடுத்தநாள் காலை அம்மா தொலைபேசியில் அழைத்தா. “இஞ்சை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். ஏன் எண்டு கேக்கப் பயமாக் கிடக்கு. கெதியா வா.”

நாலு மாடியும் இறங்குவதற்குள் வழிநெடுகப் படிகளில் குந்திக் குந்தி வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யார் சப்பாத்தை எப்படிக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று விமர்சனம் வேறு. லில்லெஸ்ட்ரோம் வரை காரில் ஊன்றுகோலை இறுகப் பிடித்தபடி வந்தார்.

அந்தக் கட்டடத்தின் கீழே லிஃப்ட் திறந்து நின்றது. வீடு பார்க்க வந்த ஓர் இளம் நோர்வேஜியச் சோடி எங்களுக்கு வழி விட்டு ஒதுங்கியது. அம்மா முதலில் ஏறி உள்ளே நின்றா. அப்பா ஊன்றுகோலை உள்ளே வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். பிறகு உள்ளே போய்ச் சுவரோடு ஒட்டி நின்றார். அவருடைய மற்றக் கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. அடையாள அட்டையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் வெளியே நின்று, கதவு மூடாமல் கையால் பிடித்திருந்தேன். நானும் ஏறலாம் என்று காலை எடுத்தேன்.

“நீ அங்கை நில்,” என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. “கேளன்.”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நிலவறையில் கேட்பதுபோலவே, உரக்கக் கேட்டேன்.

“உள்ளை ஆரும் இருக்கிறீங்களோ?”

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அம்மா அவரைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றா. நான் இரண்டாம் தரம் கேட்டேன்.

“ஓம்!” என்று அப்பா கத்திய கத்தில் அந்தச் சோடி திடுக்கிட்டுத் திரும்பியது. “இருக்கிறன்! நான் இஞ்சைதான் இருக்கிறன்!”

நான் கதவிலிருந்து கையை எடுத்தேன்.