முப்பத்தெட்டு, பின்னால் ஒன்பது சுழியம்

நாலாம் படிவத்தில் எங்களுக்கு 'பெந்தோக் பியாவாய்' என்று ஒரு பாடம் இருந்தது. பெரிய எண்ணைப் பத்தின் அடுக்காகச் சுருக்கி எழுதுவது. சூரியன் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, அதை மீட்டராக மாற்றிச் சுருக்கு என்பார்கள். மழை பெய்தால் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பள்ளி பஸ் வராது. அந்தத் தூரத்தை யாரும் கேட்கவில்லை. சூரியன் மேல்தான் அவ்வளவு அக்கறை.

அப்புறம் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள். நான் ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பத்தின் அடுக்கு அங்கேயும் தேவைப்படவில்லை. போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு டிங்கி என்கிற டெங்குக் காய்ச்சல் வந்தபோதுதான் தேவைப்பட்டது.

அரசாங்க ஆஸ்பத்திரி. காலையில் வார்டு நர்ஸ், எங்கள் வாயில் மிஸ்ஸி, வந்து கட்டில் தலைமாட்டுப் பலகையில் பிளேட்லெட் எண்ணிக்கையை எழுதிவிட்டுப் போனார்: 38 × 10⁹/L. அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் தெலுக் இந்தானிலிருந்து, டிங்கிக்கு நல்லதென்று நண்டு சூப்போடு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். பலகையைப் பார்த்தவர் சூப்புத் தூக்கைத் தரையில் வைத்துவிட்டார்.

"முப்பத்தெட்டா? ஐயோ, ஒன்னரை லட்சம் இருக்கணும் லா! தமிழ்நாட்டு டாக்டரு வீடியோவுல தெளிவா சொன்னாரு. இருபதாயிரத்துக்குக் கீழ போனாலே ஆபத்தாம். இவனுக்கு வெறும் முப்பத்தெட்டு! கையெழுத்துப் போட்டுட்டு பிரைவேட்டுக்குத் தூக்கிட்டுப் போலாம்."

வெறும் முப்பத்தெட்டு பிளேட்லெட்டை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் எப்படி உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறான் என்று அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

"பிரைவேட்டு எதுக்குக்கா?" என்றார் பிஸ்கட் தின்றவர். "காய்ச்சல் விட்டுருச்சு லா. வீட்டுக்குப் போலாம்."

அக்கா கணக்கில் தம்பி சாகக் கிடக்கிறார். தம்பி கணக்கில் அவருக்கு நோயே இல்லை. ஆனால் இரண்டு பேரும் போக நினைத்தது ஒரே வாசல் வழியாக.

டாக்டரோ காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தார். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் மோசமான நேரம், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும், இப்போது வெளியே அனுப்ப முடியாது என்று. அதைச் சொன்னேன். வீடியோ டாக்டருக்கு இருந்த மரியாதை வார்டு டாக்டருக்கு இல்லை. சரி, கணக்காவது புரியட்டும் என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, அந்தப் பத்துக்கு மேல குட்டியா ஒரு ஒன்பது இருக்கு பாருங்க."

"அது கட்டில் நம்பருன்னு நெனச்சேன்."

"முப்பத்தெட்டு போட்டு, பின்னால ஒன்பது சுழியம். ஒரு லிட்டர் ரத்தத்துல அவ்வளவு இருக்கு. உங்க வீடியோ டாக்டரு எண்ணுறது ஒரு மைக்ரோலிட்டர்ல. ஒரு கொசு வயிறு முட்டக் குடிக்குதே, அதைவிடக் கம்மி."

டிஷ்யூ பெட்டியின் மேலேயே எழுதிக் காட்டினேன். லிட்டருக்கு ஆயிரம் மில்லி, மில்லிக்கு ஆயிரம் மைக்ரோ. மூன்று சுழியமும் மூன்று சுழியமும் ஆறு. ஒன்பதில் ஆறு போனால் மூன்று மிச்சம். முப்பத்தெட்டுக்குப் பின்னால் அந்த மூன்றைப் போட்டால் முப்பத்தெட்டாயிரம்.

நாத்தனார் பெட்டியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்ப இருபதாயிரத்துக்கு மேலதான் இருக்கு! ஆபத்தே இல்ல. கெளம்பு தம்பி, வீட்டுக்குப் போலாம்."

நன்றாகத்தான் கணக்குப் போட்டேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரையும் ஒரே கட்சியில் சேர்த்துவிட்டேன். பள்ளியில் இதற்கு முழுப் புள்ளி கொடுத்திருப்பார்கள்.

அதற்கு மேல் என்னிடம் கணக்கு இல்லை. அவருடைய சிலுவாரும் சட்டையும் இருந்த பையை எடுத்து நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"போறதுன்னா இந்த ஆஸ்பத்திரி உடுப்போட போங்க. ஈப்போ பூராவும் பாக்கட்டும்."

"இது என்ன லா அநியாயம்?" என்றார் அவர்.

"அநியாயந்தான். செத்துட்டு வந்து கேளுங்க."

மிஸ்ஸி வந்து மூன்று பேரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். நான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் பலகையில் 21. வீட்டுக்குக் கிளம்பியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். வாந்தி. இரண்டு கையிலும் குழாய். டாக்டர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தார்கள். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

நாத்தனார் அன்றைக்கு வீடியோ எதையும் திறக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவர், வெகுநேரம் கழித்து என் பக்கம் சாய்ந்து, வார்டில் யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"ஏம்மா, அந்த ஆயிரத்தை இதுக்கும் சேத்துக்கலாந்தானே?"

"சேத்துக்கலாம்க்கா."

நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அந்த மூன்று சுழியத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எண் ஏற இன்னும் ஒரு நாள் ஆனது. மிஸ்ஸி 46 என்று எழுதி முடிப்பதற்குள், "நாப்பத்தாறாயிரம்!" என்று நாத்தனார் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி படித்தார். பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர் தூக்கத்திலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "எல்லாம் நண்டு சூப்பு."

ஒன்பது சுழியம் புரிந்தவருக்கு இதையும் விளக்கியிருக்கலாம். ஆனால் தினமும் வந்த அந்த சூப்பைக் குடித்தது நான்தான்.