சுபைதா அக்கா வெட்டி எறிந்த குழாய்கள்

செவ்வாய்க்கிழமை காலை தேவராவில் ஓர் அலுவலகத்தின் கம்பளத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, பழைய கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த முருகேசன் போன் செய்தான். தோப்பும்படி வளைவில் டிப்பர் லாரி ஒன்று சுபைதா அக்காவின் ஸ்கூட்டரை அடித்து இழுத்துப்போயிருந்தது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்துவிட்டதாம். "ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே முடிஞ்சிருச்சு" என்றான். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஈரக் கம்பளத்தின் மேலேயே உட்கார்ந்தேன்.

மட்டாஞ்சேரியில் எங்கள் பழைய கம்பெனி ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பளம் கழுவும் இயந்திரங்கள் கொதிநீரைப் பெரும் அழுத்தத்தில் பீய்ச்சுபவை. எங்கே கசிந்தாலும் அந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றுவது அக்காவின் வேலை. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர். பேசுவது தமிழ், எழுதுவது மலையாளம். கோபம் வந்தால் ஸ்பேனர் பறக்கும். என் காதை உரசிக்கொண்டே ஒன்று போயிருக்கிறது. தேய்ந்த குழாயைக் கழற்றியதும் கத்தியால் மூன்று துண்டாக வெட்டி எறிவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "முழுசாக் கிடந்தா எவனாச்சும் எடுத்துத் திரும்ப மாட்டுவான். வெட்டணும், கேட்டியா" என்றார்.

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் இயந்திரத்தில் குழாயைப் பம்போடு சேர்க்கும் பித்தளை இணைப்பு கசிந்தது. புதியது வரும்வரை யாரும் தொடக் கூடாது என்று அட்டையில் எழுதிக் கட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை, அவர் வருவதற்குள் சூப்பர்வைசர் அந்த அட்டையைக் கிழித்தான். இணைப்பைச் சுற்றி டேப் ஒட்டி, களமசேரியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்னையும் முருகேசனையும் அனுப்பினான். கிழித்ததை இருவருமே பார்த்தோம். வாய் திறக்கவில்லை. அங்கே கழுவத் தொடங்கிய கால் மணி நேரத்தில் இணைப்பு பிய்த்துக்கொண்டு பறந்தது. கொதிநீர் முருகேசனை வயிற்றிலிருந்து முழங்கால்வரை அடித்தது. பேண்டைக் கழற்றியபோது தோலும் கூடவே வந்தது. அவன் போட்ட சத்தத்தில் மண்டபத்துச் சமையல்காரர்கள் ஓடிவந்தார்கள்.

அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஷெட்டுக்குத் திரும்பினேன். முருகேசன்தான் அழுத்தத்தைக் கூட்டிவைத்தான் என்று சூப்பர்வைசர் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் எழுதிக் கட்டினது எங்கே சேட்டா?" என்று மட்டும் அக்கா கேட்டார்.

பதிலாக ஓர் அறை விழுந்தது. அக்காவின் உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் இறங்கியது. சூப்பர்வைசர் மறுபடி கையை ஓங்கினான். அக்கா பக்கத்தில் கிடந்த இரும்புக் குழலை எடுத்து அந்தக் கையிலேயே போட்டார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதோடு விடவில்லை. சுத்தியலை எடுத்து, அந்தப் பித்தளை இணைப்பை உருத் தெரியாமல் நசுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

காரணமே இல்லாமல் தன்னை அடித்தாள் என்று சூப்பர்வைசர் போலீசில் புகார் கொடுத்தான். ஐந்தடி தூரத்தில் நின்றவன் நான். கம்பெனி கொடுத்த அறையில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தேன். எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் வேலை போனது. வழக்கு ஒட்டிக்கொண்டது.

பள்ளுருத்தியில் அவர் சொந்தமாக ரிப்பேர் கடை போட்டார். சில மாதங்கள் கழித்து என் இயந்திரம் கசிந்தது. ஷெட்டில் யாருக்கும் சரிசெய்யத் தெரியவில்லை. வேறு வழியின்றி அவரிடமே கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் எழுந்து வந்து ஓங்கி அறைந்தார். காது அடைத்துப்போனது.

"நீ பாத்தியா, இல்லையா? அது மட்டும் சொல்லு."

பார்த்தேன் என்றேன்.

"அப்ப கோர்ட்ல போய்ச் சொல்லு."

பிறகு இயந்திரத்தைப் பிரித்தார். தேய்ந்த ரப்பர் வளையங்களை மாற்றி, பச்சைத் தண்ணீரை ஓடவிட்டு, இணைப்பைச் சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்தார். "இனி ஆளைக் கொல்லாது. கொண்டு போ" என்றார்.

அந்தக் கம்பெனியை விட்டேன். சாட்சி சொல்வதாக அக்காவின் வக்கீலிடம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் விசாரணை நடக்க இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரே இறந்துவிட்டதால் இனி விசாரணை கிடையாது என்கிறார் வக்கீல்.

கபர்ஸ்தானில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது, கை நீட்டுகிற பொம்பளைதானே என்று பின்னால் வந்த இருவர் பேசிக்கொண்டார்கள். நின்று திரும்பி, முதலில் அடித்தது அந்தச் சூப்பர்வைசர்தான், நான் பார்த்தேன் என்று அவர்களிடம் சொன்னேன். அவர்கள் என்னைக் கடந்து போனார்கள். அக்கா எனக்கென்று கொடுத்தது கன்னத்தில் விழுந்த அந்த ஓர் அறை. அது என்னிடம் இருக்கிறது.