ஐந்து தொட்டிகளும் ஒரு பெஞ்சும்

இது நடந்து இரண்டு வருடமாகிறது. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா கிளாவாங் பக்கம் உள்ள ஒரு சின்ன டவுனில் நடந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் யாராவது எங்கள் பூந்தொட்டிகளைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

டவுனின் நடுவில் ஒரு பழைய கடைத்தெரு. வெள்ளைக்காரன் காலத்து மாடிக் கடைகள், அவற்றின் முன்னால் அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கூரை போட்ட நடைபாதை. பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன, சுவரில் சாயம் உரிந்து, சாக்கடை அடைத்து, பார்க்கவே சகிக்காது. அந்தத் தெருவில்தான் என் எழுதுபொருள் கடை இருக்கிறது.

தெருவைச் சீர்படுத்த வேண்டும் என்று ஐந்து சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. சீன வணிகர்கள், கம்பம் எனும் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள், எங்கள் கோயில் குழு, தேவாலயத்துத் தமிழர்கள், முஸ்லிம் உணவகக்காரர்கள். மலாயில் பிழையில்லாமல் கடிதம் எழுதுவேன் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள். அதட்டி வேலை வாங்கத் தெரிந்தவள் என்பது அவர்கள் வெளியே சொல்லாத காரணம்.

உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகத்தான் வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோத்தோங் ரோயோங், எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. ஒருவர் சாயம் கொண்டுவந்தால் இன்னொருவர் ஏணி கொண்டுவந்தார், உணவகத்திலிருந்து எல்லோருக்கும் நாசி லெமாக் பொட்டலம் வந்தது. தகராறு வந்தது பூந்தொட்டியில்தான். சங்கத்துக்கு ஒன்றாக ஐந்து பெரிய சிமெண்டுத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சங்கத்தின் பெயர். எந்தத் தொட்டி எங்கே நிற்பது என்று மூன்று கூட்டம் பேசினோம். கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடித்தோம்.

தொட்டிகளை வைக்கத் தெரு அகலமாக இருந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். மூடிக் கிடந்த ஒரு சாமான் கடையின் வாசல் அது. அந்த அஞ்சடி ஓரத்தில் ஒரு பழைய பலகை கிடந்தது. இரண்டு சிமெண்டுக் கட்டையின் மேல் போட்டிருந்தார்கள், அதுதான் பெஞ்சு. கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி அசிங்கமாக இருந்தது.

"இது எதுக்கு இங்க? தூக்கி லாரியில போடுங்க" என்று சொன்னது நான்தான். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஐந்து சங்கமும் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

தொட்டிகள் வந்து மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. மதியம் ஒரு மணி இருக்கும். கடைக்குள்ளிருந்து பார்க்கிறேன், எங்கள் கோயில் தொட்டியின் விளிம்பில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வயதைத் தொட்டிருப்பார். முழுக்கைச் சட்டை, மடியில் ஒரு துணிப்பை. அவர் முதுகு பட்டுச் செடி சாய்ந்துகொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, அது உக்கார்ற எடமா? செடியெல்லாம் ஒடியுது பாருங்க லா. எவ்ளோ கஷ்டப்பட்டு வச்சிருக்கோம்!"

அவர் பதறி எழுந்தார். "மன்னிச்சிக்கம்மா, தெரியாம உக்காந்துட்டேன்" என்றார். உடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, வெயிலில் முச்சந்தியை நோக்கி மெதுவாக நடந்தார். நான் செடியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பில் கடைக்குள் போனேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முச்சந்தியில் கடை வைத்திருக்கும் உணவகக்காரர் சத்தம் போட்டார். "தங்கச்சி! ஒரு பொம்பள விழுந்து கெடக்குது, ஓடி வா!"

ஓடினேன். தொட்டியில் உட்கார்ந்திருந்த அதே அக்காதான். சாக்கடை ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. உள்ளே கட்டுப்போட்டிருந்தார்கள், அதில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இருவரும் தாங்கிப் பிடித்து உணவகத்துக்குள் கொண்டுபோனோம். உணவகக்காரர் பெரிய கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அந்த அக்கா ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"குடிங்க லா, தெம்பா இருக்கும்" என்றேன்.

"கூடாதும்மா. தண்ணி அளவாத்தான் குடிக்கணும்னு சொல்லியிருக்காங்க. கிட்னி போயிடுச்சு."

அப்போதுதான் விளங்கியது. பின் தெருவில் இருக்கும் டயாலிசிஸ் மையத்துக்கு உடனே போன் செய்தேன். அங்கிருந்து தாதி ஒருத்தி ஓடி வந்து கட்டை அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்ற பிறகு மாற்றிக் கட்டினாள். அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே இவர் பேசினார்.

"வாரத்துக்கு மூணு நாளு ரத்தம் கழுவ வர்றேன். முடிச்சிட்டு வந்தா தல சுத்தும். பஸ்சு வர்ற வரைக்கும் அந்தப் பலகையில சாஞ்சிக்குவேன். இப்ப அது இல்ல. தொட்டி வச்சதுலேர்ந்து பஸ்சும் ஓரங்கட்ட முடியாம இந்த முச்சந்திக்கு வந்துடுது. நிக்க முடியலம்மா. புதன்கெழமய விட்டுட்டு ரெண்டு நாளு மட்டும் வரலாம்னு பாக்குறேன்."

"ஒரு நாளு விட்டாலும் ஆபத்துக்கா. வெளயாடாதீங்க" என்று தாதி பட்டென்று சொன்னாள். உணவகக்காரர் என்னைப் பார்த்தார். நான் தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்தேன்.

அன்று கடையைச் சாத்திவிட்டு அவரை என் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வீடு ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என்றார்; எந்தத் தோட்டம் என்று சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்த தோட்டம். கல்யாணமாகி டவுனுக்கு வரும்வரை அங்கே லயத்து வீட்டில்தான் இருந்தேன். இதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"நீங்க மண்டோர் மகதானே?"

"எப்படிக்கா கண்டுபுடிச்சீங்க?"

"அதட்டுனீங்களே, அப்பவே தெரிஞ்சிடுச்சு. ஒங்கப்பாவும் இப்படித்தான் அதட்டுவாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

என் அப்பா தோட்டத்தில் ஆட்களை வேலை ஏவும் மண்டோராக இருந்தவர். அவர் குரல் எனக்கு வந்திருப்பது எனக்கும் தெரியும். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. தோட்டத்து பஸ்சுக்காக நானும் அதே பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பையை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். கார் வாங்கிய பிறகு அது என் கண்ணுக்கு வெறும் அழுக்குப் பலகையாகிவிட்டது. ஐந்து சங்கத்திலும் பஸ் ஏறுகிற ஆள் ஒருவர்கூட இல்லை என்பதும் அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

அடுத்த நாள் மாலை அவசரக் கூட்டம் கூட்டினேன். தெருவைத் திறந்து வைக்க நகராண்மைக் கழகத்திலிருந்து ஒருவர் வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள் சிலர். தொட்டியை நகர்த்தலாம், ஆனால் எங்களுடையதை வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். சீட்டில் விழுந்த இடமாயிற்றே. எங்கள் கோயில் குழுத் தலைவர் என் காதோரம் வந்து, "நம்ம தொட்டி நடுவுல அமைஞ்சிருக்கு. அத மட்டும் விட்டுடும்மா" என்றார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. எழுந்து நின்று, எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று மலாயில் சொன்னேன். ஒரு நோயாளியை நான் தொட்டியிலிருந்து விரட்டினேன், அவர் போய் விழுந்தார், கையில் ரத்தம் வந்தது, பெஞ்சைத் தூக்கச் சொன்னதும் நான்தான், நாளைக்கு வெள்ளிக்கிழமை, அவர் மறுபடி வர வேண்டும், வராமல் போனால் அதற்கும் நான்தான் பொறுப்பு. சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

கம்பத்துச் சங்கத் தலைவர் முன்னாள் பஸ் ஓட்டுநர். அவர் என் குறிப்பேட்டை இழுத்து, பஸ் எப்படி வளைந்து வந்து ஓரங்கட்டும் என்று கோடு போட்டுக் காட்டினார். ஒரு தொட்டியை எடுத்தால் போதாது, ஐந்தையும் எடுத்தால்தான் வண்டி உள்ளே வரும் என்றார். ஐந்தும் போகிறது என்றதும் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. "சமா சமா லா!" என்று சீன வணிகர் சங்கத்து இரும்புக் கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுபவர், சிரித்தார். எல்லோருக்கும் ஒன்றுதான் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே தவுக்கேயின் தள்ளுவண்டியில் தொட்டிகளை ஏற்றித் தெருவின் கோடியில் கொண்டுபோய் இறக்கினோம். பலகையும் அவரே கொடுத்தார். தேவாலயக் குழுவில் இருந்த தச்சர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, சாய்ந்துகொள்ள முதுகு வைத்து, கை வைத்துக்கொள்ள இரண்டு பக்கமும் கட்டை அடித்துக் கொடுத்தார். பஸ் டிப்போவுக்கு உணவகக்காரர் போன் போட்டுச் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் பெஞ்சு தயார்.

ஒரு மணிக்கு அந்த அக்கா வந்தார். தூரத்திலேயே பெஞ்சைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்றாரே தவிர உட்காரவில்லை. என்னைப் பார்த்து, "உக்காரலாமாம்மா?" என்று கேட்டார்.

நான் முதலில் உட்கார்ந்து, கட்டுப் போடாத கையைப் பிடித்து அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பஸ் ஓரங்கட்டி வந்து நிற்கும்வரை இருவரும் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

திறப்பு விழாவும் நன்றாகவே நடந்தது. ஐந்து தொட்டிகளுக்கும் முன்னால் நின்று ஐந்து சங்கமும் படம் எடுத்துக்கொண்டது. பெஞ்சில் யார் பெயரையும் எழுதவில்லை. எழுதுவோமா என்று யாரும் கேட்கவும் இல்லை. இப்போது எதையாவது அப்புறப்படுத்த வேண்டும் என்று பேச்சு வந்தால், ஒரு வாரம் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்று குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் அவரிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்டது அவர்தான். நான் வாயெடுக்கும்போதெல்லாம், "விடு மண்டோர் மகளே" என்று சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறார். திங்கள், புதன், வெள்ளி மதியம் ஒரு மணிக்குக் கடை வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன்; அவர் அந்தப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.